வாட்டர் பெட்டுக்கு ஹீட்டர் – தேவையா? ஆபத்தா?
(மூன்றாம் ஆண்டு மின்னியல் பட்டயப் படிப்பு மாணவர் எழுதியது)



‘வாட்டர் பெட்’ என்று சொன்னதும் சிலருக்கு ஆங்கிலப் படத்தில் வரும் ஆடம்பரக் கட்டில் ஞாபகம் வரும். இன்னும் சிலருக்கு சர்ஜிக்கல் கடையில் மடித்து வைத்திருக்கும் ரப்பர் மெத்தை ஞாபகம் வரும். இரண்டும் ஒரே தத்துவத்தில் பிறந்தவைதான். ஆனால் முதல் மெத்தைக்கு அடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. ஏன் இல்லை? நாமே ஒன்று வைத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு ஓம் விதியும், இயற்பியலில் படித்த வெப்பக் கணக்கும் தெளிவாகப் பதில் சொல்கின்றன. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நீர் மெத்தையின் கதை

நீர் மெத்தை முதலில் நோயாளிக்காகத்தான் பிறந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் நீல் ஆர்னாட் 1830-களில், நெடுநாள் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க, தண்ணீர்த் தொட்டியின் மேல் ரப்பர் பூசிய துணியை விரித்து ஒரு படுக்கை அமைத்தார். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1968-ல், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த சார்லஸ் ஹால் என்ற மாணவர், தன் படிப்புக்கான புராஜெக்டாக வினைல் பையில் தண்ணீர் நிரப்பிய படுக்கையைச் செய்தார். அதற்கு முன் சோளமாவுக் கூழை நிரப்பி நாற்காலி செய்து பார்த்தாராம், அது சரிப்பட்டு வரவில்லை. 1971-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1980-களில் அமெரிக்க வீடுகளில் நீர் மெத்தை பெரிய மோகமாக இருந்து, பிறகு குறைந்துபோனது. ஒரு மாணவரின் புராஜெக்ட் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

படுக்கைப்புண்ணும் பாஸ்கல் விதியும்

60 கிலோ எடையுள்ள ஒருவர் கட்டாந்தரையிலோ பலகையிலோ படுத்தால், தோள், இடுப்பு, குதிகால் என்று எலும்பு துருத்தும் இடங்கள் மட்டுமே தரையைத் தொடும். தொடும் பரப்பு 0.1 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

விசை = 60 × 9.8 = 588 நியூட்டன்
அழுத்தம் = 588 ÷ 0.1 = 5880 பாஸ்கல், அதாவது சுமார் 44 மி.மீ. பாதரசம்

தோலுக்கு அடியில் இருக்கும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில் உள்ள அழுத்தம் சுமார் 32 மி.மீ. பாதரசம்தான். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக அழுத்தினால் குழாய் நசுங்கி அந்த இடத்துக்கு இரத்தம் போகாது. நாம் என்றால் தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுவோம். பக்கவாதம் வந்தவரால் அது முடியாது. அந்த இடத்தின் சதை செத்துப் புண்ணாகிறது.

தண்ணீர் உடம்பின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்துகொடுத்து, எடையைச் சமமாகப் பரப்புகிறது. தொடும் பரப்பு 0.4 சதுர மீட்டர் ஆனால் அழுத்தம் 1470 பாஸ்கல், அதாவது சுமார் 11 மி.மீ. பாதரசம். இது சராசரிக் கணக்குதான். இடுப்பெலும்பு இருக்கும் இடத்தில் அழுத்தம் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் வாட்டர் பெட் போட்டாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள்.

தண்ணீர் மெத்தை ஏன் சில்லென்று இருக்கிறது?

இலவம்பஞ்சு மெத்தை ஏன் கதகதப்பாக இருக்கிறது? பஞ்சுக்குள் காற்று சிறைப்பட்டிருக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீரின் வெப்பம் கடத்தும் திறன் காற்றைப்போல் இருபது மடங்குக்கும் அதிகம். தண்ணீர் அதோடு நிற்பதும் இல்லை, சலனத்தினால் சுற்றிக்கொண்டே இருந்து வெப்பத்தை மெத்தை முழுவதும் எடுத்துச் செல்லும்.

நம் தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி செல்சியஸ். மெத்தையில் உள்ள தண்ணீர் 22 டிகிரி என்றால், இரவு முழுவதும் உடம்பிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். ‘கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டிலேயே தண்ணீர் சூடாகிவிடாதா?’ என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம்.

இருவர் படுக்கும் பெரிய அமெரிக்க மெத்தையில் சுமார் 700 லிட்டர் தண்ணீர் இருக்கும். தன்வெப்பம் 4.186 என்பது நமக்கு மனப்பாடம்.

1 டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம் = 700 × 4.186 = 2930 கிலோ ஜூல்

சும்மா படுத்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு வெளியிடும் வெப்பம் சுமார் 80 வாட். அது மொத்தமும் தண்ணீருக்கே போனாலும், ஒரே ஒரு டிகிரி ஏற 10 மணி நேரம் ஆகும். அதற்குள் விடிந்துவிடும்! குளிர் தேசத்தில் நீர் மெத்தைக்கு ஹீட்டர் தேவைப்படுவது இதனால்தான்.

ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீர் மெத்தை ஹீட்டர் நாம் வாளியில் போடும் ராடு மாதிரி இருக்காது. தட்டையான அகலமான பட்டை. மின்தடைக் கம்பியை நீர் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடியிருப்பார்கள். அது தண்ணீருக்குள் போகாது, மெத்தைக்கு அடியில்தான் இருக்கும். தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. வாட் அளவு. ஆழமான பெரிய மெத்தைக்கு 300 முதல் 400 வாட் வரை போடுகிறார்கள். 375 வாட் என்று எடுத்துக்கொண்டு, 15 டிகிரி தண்ணீரை 30 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்ப்போம்.

வெப்பம் = 700 × 4.186 × 15 = 43,953 கிலோ ஜூல் = 12.2 யூனிட்
நேரம் = 12.2 ÷ 0.375 = 32 மணி நேரத்துக்கும் மேல்

வெளியே வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். ‘1500 வாட் போட்டா 8 மணி நேரத்தில் முடிஞ்சிடுமே’ என்று தோன்றும். ஆனால் அவ்வளவு வெப்பமும் ஒரு சிறிய பட்டை வழியாக, மெல்லிய வினைல் மேல் ஏற வேண்டும். வினைல் இளகிவிடும். மெத்தை ஹீட்டரின் வேலை அவசரமாகச் சூடாக்குவது இல்லை, வீணாகிற வெப்பத்தை மட்டும் மெதுவாக ஈடு செய்வது. ஆழம் குறைந்த மெத்தைக்கு அதற்கென்று செய்த குறைந்த வாட் ஹீட்டரே போட வேண்டும்.

2. வோல்டேஜ். அமெரிக்க ஹீட்டர் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் ஒன்று கொண்டுவந்து கொடுத்து, அதை நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் என்ன ஆகும்?

மின்தடை = 120 × 120 ÷ 375 = 38.4 ஓம்
230 வோல்ட்டில் திறன் = 230 × 230 ÷ 38.4 = 1378 வாட்

வோல்டேஜ் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆனால் திறன் ஏறக்குறைய 3.7 மடங்கு! திறன் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்று பரீட்சைக்கு எழுதுகிறோமே, அதன் அர்த்தம் இதுதான்.

3. தெர்மோஸ்டாட். இது இல்லாத ஹீட்டரைத் தொடவே கூடாது. சிலவற்றில் திரவம் நிரம்பிய சிறு குமிழும் நுண்குழாயும் இருக்கும். சூடானதும் திரவம் விரிந்து காண்டாக்டைத் திறக்கும். புதியவற்றில் எலக்ட்ரானிக் சென்சார் இருக்கும். இதோடு, வெப்பம் வரம்பு மீறினால் தனியாக லைனைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் இருக்க வேண்டும். இரண்டும் தொடர் இணைப்பில் இருப்பதைக் கவனியுங்கள். தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால்கூட கட்-அவுட் திறந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். நம் வீட்டு கீசரிலும் இதே ஏற்பாடுதான்.

4. தரமுத்திரை. அமெரிக்காவில் யு.எல். முத்திரை பார்ப்பார்கள். இங்கே மின்சாதனம் எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குவது நம் கடமை.

ஹீட்டரைப் பயன்படுத்தும் முறை

பட்டையை மடிக்காமல், சுருக்கம் இல்லாமல், பலகையின் சமமான இடத்தில் விரிக்க வேண்டும். மடிந்த இடத்தில் வெப்பம் சேர்ந்து கருகும். அதன் மேல் பாதுகாப்பு விரிப்பு, அதற்கு மேல் மெத்தை. சென்சாரைப் பட்டையை ஒட்டி வைக்கக் கூடாது, சற்றுத் தள்ளி வைத்தால்தான் தண்ணீரின் வெப்பத்தைக் காட்டும்.

முழுவதும் தண்ணீர் நிரப்பிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். தண்ணீரைக் காலி செய்யும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். தண்ணீர்தான் அந்தப் பட்டையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் வெப்பம் எங்கே போகும்? உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால் அதையும் வெளியேற்றிவிட வேண்டும். வழக்கமாக 28 முதல் 32 டிகிரி வரை வைக்கிறார்கள். படுக்காத நேரத்தில் கம்பளியால் மூடிவைத்தால் கரண்ட் மிச்சம்.

நம் வீட்டு வாட்டர் பெட்டுக்கு ஹீட்டர் வைக்கலாமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தது நான்தான். ஃபியூஸ் போனாலும் கூப்பிடுவார்கள், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடாவிட்டாலும் கூப்பிடுவார்கள். எங்கள் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் உணர்ச்சி இல்லாமல் போனபோது, டாக்டர் சொன்னபடி ரப்பர் வாட்டர் பெட் வாங்கிப் போட்டோம். எங்கள் ஊர் மலையடிவாரம். மார்கழி மாதம் அவர் உடம்பு சில்லிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: “ஏப்பா, நீதான் கரண்டு படிக்கிறியே, இந்தத் தண்ணியச் சூடு பண்ண அடியில ஏதாச்சும் வச்சுக் குடுக்க முடியாதா?”

நியாயமான கேள்வி. பெரியவர்களின் உடம்பு குளிரைத் தாங்காது. அப்பத்தாவால் ‘குளிருது’ என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. ஆனால் அன்று இரவு நோட்டில் போட்டுப் பார்த்த கணக்கு இது.

குடத்தால் அளந்து ஊற்றியதில் எங்கள் மெத்தையில் 120 லிட்டர் தண்ணீர் பிடித்தது.

1 டிகிரி உயர்த்த = 120 × 4.186 = சுமார் 502 கிலோ ஜூல்

இதே 375 வாட் ஹீட்டரை இதற்கு அடியில் வைத்து, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால்:

700 லிட்டர் மெத்தை: 1 டிகிரி ஏற சுமார் 2 மணி 10 நிமிடம். 32-லிருந்து 44 டிகிரி ஆக 26 மணி நேரம்.
120 லிட்டர் மெத்தை: 1 டிகிரி ஏற சுமார் 22 நிமிடம். 32-லிருந்து 44 டிகிரி ஆக நாலரை மணி நேரம்.

பெரிய மெத்தையில் கோளாறு வந்தால் ஒரு பகலும் ஓர் இரவும் அவகாசம் இருக்கிறது, யாராவது கவனித்துவிடுவார்கள். சின்ன மெத்தையில், வீட்டில் எல்லோரும் படுத்துத் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும்.

44 டிகிரி என்று நான் சும்மா எடுக்கவில்லை. சூடு எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் பட்டால் தோல் வேகும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1947-ல் வெளியிட்டார்கள். 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரத்தில் தோல் வெந்துவிடும். அதற்கு மேல் 51 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதாவது கொதிக்கிற தண்ணீர் தேவையில்லை, நாம் ‘வெதுவெதுப்பு’க்குச் சற்று மேலே என்று சொல்லும் சூடே போதும். உணர்ச்சி உள்ளவர் சுட்டதும் எழுந்துவிடுவார். உணர்ச்சி இல்லாதவருக்குச் சுடுவது தெரியாது, தெரிந்தாலும் புரள முடியாது.

இன்னொன்று, சூடு கூடினால் வியர்வை கூடும். ஈரமான தோல் சீக்கிரம் கிழியும். படுக்கைப்புண் வராமல் இருக்க வாங்கிய மெத்தையிலேயே அது வந்து சேரும். தண்ணீர், சிறுநீர், இரும்புக் கட்டில், இவற்றுக்கு நடுவே 230 வோல்ட் ஒயர் என்பதை மின்னியல் படிக்கும் நமக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே அப்பாவிடம் நான் சொன்னது: “வேணாம்ப்பா. அடியில கரண்டு வைக்கக் கூடாது. வேற வழி இருக்கு.”

வேறு வழி என்ன?

முதல் வழி, தண்ணீர் நிரப்பும்போதே வெதுவெதுப்பாக நிரப்புவது. 25 டிகிரி பச்சைத்தண்ணீரோடு 100 டிகிரி கொதிநீர் கலந்து, 120 லிட்டரை 34 டிகிரியில் வைக்க எவ்வளவு கொதிநீர் வேண்டும்?

கொதிநீர் இழந்த வெப்பம் = பச்சைத்தண்ணீர் ஏற்ற வெப்பம்
கொதிநீர் × (100 – 34) = (120 – கொதிநீர்) × (34 – 25)
கொதிநீர் = 1080 ÷ 75 = 14.4 லிட்டர்

15 லிட்டர் வாளி ஒன்றுக்கு 13.2 லிட்டர் பச்சைத்தண்ணீரும் 1.8 லிட்டர் கொதிநீரும், அப்படி 8 வாளி. வாளியில் கலந்து, அளந்து பார்த்த பிறகே மெத்தையில் ஊற்ற வேண்டும். கொதிநீரை நேராக ரப்பருக்குள் ஊற்றவே கூடாது. நிரப்பும்போது நோயாளி அதன் மேல் இருக்கவும் கூடாது. ஜுரம் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டர் 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. ஆகவே இயற்பியல் லேப்பில் இருப்பது போன்ற சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கையை விட்டுப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், வேலை செய்து காய்த்த கைக்குச் சூடு குறைவாகத்தான் தெரியும்.

வாளித் தண்ணீரை இமர்ஷன் ராடு போட்டுக் காய்ச்சுபவர்கள், மூன்று பின் பிளக், எர்த் சரியாக இருக்கும் பாயிண்ட், உலோகமில்லாத வாளி இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராடில் உள்ள கோடு வரை தண்ணீர் இருக்க வேண்டும். சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்தால் உயிருக்குக் காப்பு.

இரண்டாவது வழி, உள்ள வெப்பத்தைப் போகவிடாமல் தடுப்பது. இதுவே முக்கியம். கட்டிலின் இரும்புத் தகட்டில் வாட்டர் பெட்டை நேராகப் போடாமல், அடியில் ஒரு தேங்காய்நார் மெத்தையோ பஞ்சு மெத்தையோ போட வேண்டும். கீழ்ப்பக்கம் போகிற வெப்பம் பெரிதும் குறையும். மேலே ஒரே ஒரு பருத்திப் போர்வையைச் சுருக்கம் இல்லாமல், இறுக்கி இழுக்காமல் விரிக்க வேண்டும். குளிருகிறதே என்று நாலு போர்வை அடுக்கினால் தண்ணீர் உடம்புக்கு ஏற்ப வளைந்துகொடுக்காது, மெத்தை வாங்கிய பயனே போய்விடும். நோயாளியின் மேல் கம்பளி எத்தனை வேண்டுமானாலும் போர்த்தலாம்.

தண்ணீர் அளவையும் பார்க்க வேண்டும். அதிகம் நிரப்பினால் மெத்தை மத்தளம் மாதிரி விறைக்கும். குறைந்தால் இடுப்பு அடியில் தட்டும். மெத்தைக்கு அடியில் இடுப்புக்கு நேராகக் கையை விட்டு மேலே அழுத்திப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் தண்ணீர் போதாது. உணர்ச்சி இல்லாத காலுக்கு வெந்நீர்ப் பை வைப்பதும் ஆபத்துதான்.

எங்கள் வீட்டில் அடியில் நார் மெத்தை போட்ட பிறகு, விடிகாலையில் தண்ணீரின் சூடு முன்போல் இறங்கவில்லை. செலவு, பழைய மெத்தையைத் தட்டிக் காயவைத்த வேலை மட்டும்தான்.

முடிவுரை

நண்பர்களே! ஒரு ஹீட்டரை ‘எவ்வளவு சூடாக்கும்?’ என்று பார்த்து வாங்குவது சாதாரண மனிதர் வழக்கம். மின்னியல் படித்தவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ‘இது பழுதானால் என்ன ஆகும்? எவ்வளவு நேரத்தில் ஆகும்? அப்போது அதன் மேல் படுத்திருப்பவர் யார்?’ இந்த மூன்றையும் கேட்டுவிட்டால், 375 வாட் ஹீட்டர் ஓர் இடத்தில் சுகம் தருவதும், இன்னோர் இடத்தில் ஆளைக் கொல்வதும் ஏன் என்று விளங்கிவிடும்.

நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டயதாரிகள். ஊரில் நம்மை ‘கரண்டு படிச்ச புள்ள’ என்று நம்புகிறார்கள். ஒன்றைச் செய்துகொடுப்பதால் மட்டும் அந்த நம்பிக்கை நிலைக்காது. செய்யக் கூடாததை, ஏன் கூடாது என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லி, கூடவே வேறு வழியும் காட்ட வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, முதலாம் ஆண்டில் படித்த ஃபார்முலாவை மறக்காமல் இருந்தாலே போதும்.

உங்கள் தெருவிலும் யாராவது வாட்டர் பெட்டில் படுத்திருப்பார்கள். ஒருமுறை போய், அடியில் என்ன விரித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.